கண்டதும் சொன்னதும்

சென்னை மாநகரின் மேற்றிசையில், வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் இடையே, இருப்புப் பாதையை ஒட்டி அமைந்துள்ள ஊர் கொரட்டூர். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் இரயில் வண்டி ஓடியபோது இவ்வழியாகவே ஓடிற்று. அந்நாளில் இவ்வூர் ஏரியும் வயலும் சூழ்ந்த ஒரு சிற்றூர். ஏரி இன்றும் வடபால் விரிந்து கிடக்கின்றது. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் இதில் வந்து கலப்பதும், குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் வந்து தங்குவதும் உண்டு. ஆயின், வயல்கள் மறைந்தன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. பாடியிலும் சுற்றுப்புறங்களிலும் ஆலைகள் எழுந்தன. தவளைகள் ஒலித்த இரவுகளில் பொறிகள் ஒலிக்கலாயின. இரவைப் பகலாக்கி உழைப்போர் பலர் இப்பகுதியில் குடியேறினர். இக்கட்டுரைக்கு அச்செய்தி இன்றியமையாதது.

ஏரிக்கரைக்கு அணித்தான தெரு ஒன்றில் ஓர் இளைஞன் வாழ்கின்றான். அகவை இருபத்திரண்டு. தொழிற்பேட்டையில், 'லேத்' என்று தொழிலாளர் வழங்கும் கடைசல் பொறியில் அவனுக்கு வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு. மறு வாரம் இரவு ஷிப்டு. இரவு வேலை முடிந்தால் காலை எட்டு மணிக்கு வீடு சேர்வான். தாய் இட்டுவைத்ததை உண்டு, கூடத்தில் பாய் விரித்துப் படுப்பான். வீட்டில் அவன் தாயையன்றித் தாயைப் பெற்ற மூதாட்டியும் உளர். அவரை அப்பக்கத்து வழக்கப்படி அவன் 'ஆயா' என்று அழைப்பான்.

ஒருநாள் நண்பகல். மல்லாந்து உறங்கிக் கொண்டிருந்தவனுக்கு விழிப்பு வந்தது. கண் திறந்தது. சுவரில் தொங்கும் நாட்காட்டி தெரிந்தது. வாயிலில் குடத்தில் நீர் விழும் ஓசை கேட்டது. தாய் அண்டை வீட்டம்மையாருடன் பேசும் சொற்களும் தெளிவாகக் கேட்டன. எழ முயன்றான், இயலவில்லை. கையை அசைக்க முயன்றான். கை கல்லாய்க் கிடந்தது. அப்போது கதவருகே யாரோ நிற்பது போன்ற உணர்வு உண்டாயிற்று. முகம் இல்லை, கரிய நிழல் மட்டுமே. அந்நிழல் மெல்ல அணுகியது. மார்பின்மேல் அம்மிக்கல்லை வைத்தாற்போன்ற பாரம் இறங்கியது. மூச்சு முட்டியது. "அம்மா!" என்று அலறினான், தொண்டையினின்று ஒலி எழவில்லை. பத்தடித் தொலைவில் நின்ற தாயோ மகன் நன்றாக உறங்குகின்றான் என்றே எண்ணியிருந்தாள். எவ்வளவு நேரம் அவ்வாறு கழிந்தது என்று அவனுக்குத் தெரியாது. திடுமெனப் பாரம் நீங்கிற்று. எழுந்து உட்கார்ந்தான். உடல் முழுதும் வியர்வை. கதவருகே எவரும் இல்லை.

நடந்ததைக் கேட்டவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறினர். "பேய் அமுக்கியிருக்கிறது, தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு வைத்துக்கொள்" என்றார் ஆயா. அண்டை வீட்டம்மையார், ஏரியில் மூழ்கி இறந்தவர் ஒருவரின் ஆவி அலைவதாகச் சொன்னார். உடன் வேலை செய்வோருள் ஒருவன், தெருமுனையில் நிற்கும் கைபேசிக் கோபுரத்தின் கதிர்களே காரணம் என்று அறிவியல் பேசுவான் போலப் பேசினான். மற்றொருவன், வேற்றுலக உயிர்கள் உறங்குவோரைக் கட்டிப்போட்டு ஆராய்கின்றன என்று எங்கோ கண்ட படக்காட்சியை எடுத்துக்காட்டினான். இறுதியாக ஒருவன் உரக்கச் சிரித்தான். "கனவு கண்டுவிட்டுக் கதை அளக்கிறான்!" என்றான். சூழ நின்றவரும் சிரித்தனர்.

அச்சிரிப்பு, பேயினும் மிகுதியாக அவனை வருத்தியது எனலாம். நாட்காட்டியைக் கண்டதும் தாயின் குரலைக் கேட்டதும் பொய்யா? தான் விழித்திருந்ததை அவன் அறிவான். எனவே தன் அறிவையே அவன் ஐயுறத் தொடங்கினான். அடுத்த மாதம் மும்முறை அது நிகழ்ந்தது. எவரிடமும் அவன் சொல்லவில்லை. பேயை நம்புவோரிடம் சொன்னால் அச்சம் வளரும்; நம்பாதோரிடம் சொன்னால் இகழ்ச்சி கிடைக்கும்; நடுவே ஓர் இடம் அவனுக்கு இல்லை. ஆகவே உறங்கவே அஞ்சினான். தேநீர் அருந்தியும் தெருவில் நடந்தும் உறக்கத்தைத் தள்ளிப்போட்டான். உறக்கம் குறையக் குறைய அத்துன்பம் மிகுந்ததே அன்றிக் குறையவில்லை. அது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

மகன் மெலிவதைக் கண்ட தாய் வற்புறுத்திக் கேட்டாள், உண்மை வெளிப்பட்டது. மந்திரிப்பவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றாள். அவர் வேப்பிலை அடித்து, கறுப்புக் கயிறு ஒன்றைக் கையிற் கட்டினார். வியப்பு யாதெனின், அதன்பின் மூன்று வாரங்கள் ஒன்றும் நிகழவில்லை. தாய் மகிழ்ந்தாள். ஆயின், இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். என்றோ ஒருநாள் வந்து, பல நாள் வராதிருப்பது இத்துன்பத்தின் இயல்பு. மிகவும் தொல்லைப்பட்ட வேளையில்தான் எவரும் மருந்து தேடுவர். தொல்லையின் உச்சிக்குப் பின் வருவது இறக்கம் அன்றி வேறென்ன? அவ்வேளையில் கயிறு கட்டினும் இரும்பு வைத்தாலும் பலன் கிட்டியது போலவே தோன்றும். மேலும், கயிற்றின்மேல் வைத்த நம்பிக்கையால் அவன் அச்சம் தணிந்து சில நாள் நன்கு உறங்கினான். அவ்வுறக்கமும் ஒரு மருந்தே. கயிறு பயன்படவில்லை என்று கூறுவாரினும், எவ்வாறு பயன்பட்டது என்று கூறுவாரே அந்தத் தாய்க்கு உதவி செய்தவர் ஆவர்.

நான்காம் வாரத்தில் இரவு ஷிப்டு மீண்டும் வந்தது; நிழலும் மீண்டும் வந்தது. இம்முறை உறவினர் ஒருவர், "தொலைவில் ஓர் இடம் உண்டு, அங்கே ஒரு மண்டலம் விட்டுவைத்தால் எல்லாம் தெளியும்" என்று யோசனை கூறினார். அத்தகைய யோசனை எத்தகைய முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டுளது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயுற்றோரைத் தங்கவைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே சேர்த்தவர்கள் கொடியவர் அல்லர். தாயரும் தந்தையரும் உடன்பிறந்தாருமே. நோய் பேயென்று பெயர் பெற்றதனால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய கால்கள் வேறு திசையிற் சென்றன. அதன்பின் அரசு அவ்வூர்க் காப்பகங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாண்டவர் மீளவில்லை.

இளைஞன் அவ்வாறு எங்கும் அனுப்பப்படவில்லை. அதற்குக் காரணமாயிற்று ஒரு சிறு விபத்து. ஓர் இரவு, விடியற்காலை நான்கு மணியளவில், சுழலும் பொறியின் முன் நின்றவாறே அவன் கண்ணயர்ந்தான். சட்டைக் கை பொறியிற் சிக்கியது. அருகில் நின்றவர் உடனே விசையை நிறுத்தினார். சட்டை கிழிந்தது, முழங்கையில் தோல் உரிந்தது, கை பிழைத்தது. கட்டுப் போடச் சென்ற அரசு மருத்துவமனையில், முதிய மருத்துவர் ஒருவர் காயத்தைப் பார்த்ததோடு நில்லாமல், "தம்பி, ஏன் உறங்கவில்லை?" என்று கேட்டார். அவன் தயங்கித் தயங்கி எல்லாம் சொன்னான். மருத்துவர் சிரிக்கவில்லை.

"மல்லாந்து படுத்திருந்தாயா?"

"ஆம், ஐயா."

"இரவு வேலை வாரத்தில்தான் வருகிறதா?"

இளைஞன் எண்ணிப் பார்த்தான். "ஆம், ஐயா" என்றான். அதுவரை அவன் அதைக் கருதியதில்லை.

"நீ கண்டது உண்மை, கதை அன்று. ஆனால், வந்தது வெளியிலிருந்து அன்று" என்றார் மருத்துவர்.

அவர் விளக்கியதன் பின்னணியில் ஓர் இனிய வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் மாணவர், 1951ஆம் ஆண்டு டிசம்பரில், எட்டு வயதான தம் மகனின் கண்ணருகிலும் தலையிலும் மின்கம்பிகளைப் பொருத்தி, உறக்கத்தில் நிகழ்வதை ஒரு பழைய பொறியிற் பதிவு செய்தார். சிறுவன் ஆழ்ந்து உறங்கினான். தாளின்மேல் ஓடிய எழுதுகோல்களோ, விழித்திருப்பவன் அங்குமிங்கும் பார்ப்பது போலக் கண்கள் விரைந்து அசைவதைக் காட்டின. பொறி பழுதுபட்டது என்றே அவர் முதலில் நினைத்தார். பழுது பொறியில் இல்லை. உறக்கம் ஒரே தன்மையது என்னும் கருத்தே பழுதுடையது. அவரும் அவர்தம் ஆசிரியர் கிளைட்மனும் 1953இல் அதனை வெளியிட்டனர். கண்கள் விரைந்து அசையும் அப்பகுதியில்தான் தெளிவான கனவுகள் தோன்றுகின்றன.

கனவில் ஓடுகின்றவன் பாயில் ஓடுவதில்லையே, ஏன்? பிரான்சு நாட்டு லியோன் நகரத்து அறிஞர் மிஷேல் ஜூவே பூனைகளை ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். கனவுறக்கத்தின்போது மூளைத்தண்டினின்று ஓர் ஆணை எழுந்து, கைகால் தசைகளைத் தளர்த்திவிடுகின்றது. அவ்வாணை எழும் சிறு பகுதி சிதைந்த பூனைகள், உறங்கிய நிலையிலேயே எழுந்து, இல்லாத எலியின்மேற் பாய்ந்தன! தசைகளைக் கட்டும் இப்பூட்டு இல்லையேல் உறங்கும் மனிதரும் தம் கனவுகளை நடித்துக் கை கால்களை முறித்துக்கொள்வர். எனவே அது பகை அன்று, காவல்.

பூட்டுத் திறப்பதற்கு முன் அறிவு விழித்துக்கொள்வதே அவ்விளைஞனுக்கு நேர்ந்தது. கண் திறக்கின்றது, காது கேட்கின்றது, தசைகள் மட்டும் இன்னும் கனவின் ஆணைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அந்நிலையில் மூச்சை இயக்குவது பெரும்பாலும் உதரவிதானமே. விலாத் தசைகள் தளர்ந்திருக்கும். ஆழ்ந்து மூச்சிழுக்க முயல்வோன், இயலாமையை மார்பின் பாரமாக உணர்கின்றான். மூளையில் அச்சத்தை எழுப்பும் பகுதி கனவுறக்கத்தில் மிகவும் கிளர்ந்திருக்கும். அவ்வச்சத்துக்கு ஓர் உரு வேண்டுமன்றோ? முடியாத கனவு கதவருகே ஒரு நிழலை நிறுத்திவிடுகின்றது. சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், பூட்டுத் திறந்துவிடும். மருத்துவர் இதனை உறக்க முடக்கம் என்பர். உறக்கம் போதாதவர்க்கும், வேளை மாறி உறங்குவோர்க்கும், மல்லாந்து படுப்போர்க்கும் இது மிகுதியாக வரும். ஷிப்டு மாறும் ஊரில் பேய் மிகுந்ததன் காரணம் இதுவே போலும்!

பல நாடுகளில் எடுத்த கணக்குகளைத் தொகுத்த இருவர், இதனை ஒருமுறையேனும் உற்றவர் பொது மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் என்றும், மாணவர்களுள் நூற்றுக்கு 28 பேர் என்றும் 2011இல் எழுதினர். தேர்வுக் காலத்தில் நள்ளிரவு வரை கண்விழிப்போர் இதனைக் கருதுக. ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருப்பின், அவருள் பதின்மருக்கு இது நேர்ந்திருக்கக் கூடும். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணி வாய்மூடியிருப்பர்.

அவ்வாறு வாய்மூடியிருந்தோருள் ஓர் ஆராய்ச்சியாளரும் உண்டு. டேவிட் ஹஃபர்டு என்னும் அமெரிக்கர், 1963இல் கல்லூரி மாணவராக இருந்தபோது ஓரிரவு இதே துன்பத்தை அடைந்தார். பல ஆண்டுகள் அதனை வெளியிட்டுக் கூறவில்லை. பின்னர்க் கனடாவின் கீழ்க்கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவுக்கு நாட்டார் வழக்குகளைத் தொகுக்கச் சென்றார். 'கிழச் சூனியக்காரி மார்பில் ஏறி உட்கார்ந்தாள்' என்று அத்தீவினர் கூறிய கதைகளில், தமக்கு நேர்ந்ததையே வரிக்குவரி கேட்டார்! தாம் அக்கதையை முன்பு கேட்டதேயில்லை. கதையைக் கேட்டதனால் மக்களுக்கு அக்காட்சி தோன்றுகின்றது என்பதே அந்நாள் அறிஞர் பலரின் கருத்து. ஹஃபர்டு அதனைத் திருப்பிப் போட்டார். அனுபவம் முன்னது, கதை பின்னது. மக்கள் கண்டதை நேர்மையாகவே சொன்னார்கள் என்று 1982இல் ஒரு நூலாக எழுதினார்.

சப்பானியர் இதனைக் 'கனாஷிபாரி' என்பர். உலோகத்தாற் கட்டுண்டாற்போன்ற நிலை என்பது அதன் கருத்து. இலண்டன் நகரில் வாழ்ந்த ஃபூசெலி என்னும் ஓவியர், உறங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குறளிப் பேய் குந்தியிருப்பதாக 1781இல் தீட்டினார். அமெரிக்காவில் வேற்றுலக உயிர்கள் தம்மைக் கொண்டுசென்றதாகக் கூறுவோரின் கதைகளிற் பல, அசைய முடியாமல் விழித்த ஓர் இரவிலிருந்தே தொடங்குகின்றன. பாரமும் நிழலும் எல்லா நாட்டிலும் ஒன்றே. நிழலுக்கு இடும் பெயரும் உடையுமே நாட்டுக்கு நாடு வேறு. தொழிற்பேட்டைத் தோழன் கூறிய வேற்றுலக உயிரும், அண்டை வீட்டம்மையார் கூறிய ஏரி ஆவியும் உடன்பிறப்புக்கள் என்பதை அறிந்தால் இருவருமே மனம் வருந்தக்கூடும்.

மருத்துவர் எழுதித் தந்தது மருந்து அன்று. காலையில் வந்ததும் படுத்து, நாள்தோறும் ஒரே வேளையில் எழுக என்றார். சன்னலுக்குக் கறுப்புத் திரை இடுக என்றார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். விடியலுக்கு முன் இறுதித் தேநீரை நிறுத்தச் சொன்னார். மீண்டும் வந்தால் உடல் முழுவதையும் அசைக்கப் போராடாமல், ஒரு சுண்டுவிரலை மட்டும் அசைக்க முயல்க என்றார். பகலில் அடக்க முடியாத உறக்கம் திடீர் திடீரென வந்தாலோ, சிரிக்கும்போது கைகால் துவண்டாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே வருக என்றும் எச்சரித்தார். தாய் கயிற்றைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். "அது இருந்தால் இருக்கட்டும், அம்மா, திரையை மறவாதீர்கள்" என்றார் அவர்.

அத்துன்பம் முற்றும் நீங்கிவிடவில்லை. ஷிப்டு மாறும் நாட்களில் என்றேனும் அந்நிழல் வருவதுண்டு. அவன் அதனைப் பார்த்துக்கொண்டே சுண்டுவிரலைத் தேடுவான். அச்சம் இல்லாமற் போகவில்லை. ஆயின், அது எப்போது முடியும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஆயா தம் இளமைக் காலத்தில் ஏரிக்கரையிற் கண்ட கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அறுபது ஆண்டுகளாக அவர் அதைச் சொல்வதும், வீட்டிலுள்ளோர் சிரிப்பதும் வழக்கம். சதுப்பு நிலங்களில் இரவில் தோன்றும் அவ்வொளியைப் பல நாட்டாரும் கண்டு சொல்லியுள்ளனர். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, 1776இல் ஏரிச் சேற்றினின்று எரியும் வாயுவைத் திரட்டியது முதல் அவ்வாயுவே காரணம் என்பர். எனினும், எவரும் கொளுத்தாமல் அது பற்றுவது எங்ஙனம், சுடாமல் ஒளிர்வது எங்ஙனம் என்பன இன்னும் முற்றும் தெளியவில்லை.

இளைஞன் அன்று சிரிக்கவில்லை.

"எந்த மாதம், ஆயா?"

"மழை விட்ட பிறகு, கார்த்திகைக்கும் மார்கழிக்கும் நடுவில்."

"தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது?"

ஆயா கையை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்துக் காட்டினார்.

"என்ன நிறம்?"

இதனை இதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை. மூதாட்டி ஏரி இருந்த திசையைச் சிறிது நேரம் நோக்கியிருந்தார். "நீலம்" என்றார். பின்பு, "இல்லை, நீலத்தில் கொஞ்சம் பச்சை" என்று திருத்திக்கொண்டார்.